விளக்கு தெரிந்த ஊருக்கெல்லாம் ரேடியோ கேட்குமா?

கீழ்ப்பழனி மலையில், பண்ணைக்காட்டிலிருந்து தாண்டிக்குடி போகிற பக்கத்தில், காப்பித் தோட்டத்து நடுவே எங்கள் சமுதாய வானொலி ஓடிக்கொண்டிருக்கிறது. 90.4 மெகாஹெர்ட்ஸ், 50 வாட் டிரான்ஸ்மிட்டர். சம்பளத்துக்கு ஒருத்தரும் கிடையாது. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். நினைத்த ஊரில் எல்லாம் கேட்கவில்லை. நினைக்காத சில ஊரில் கேட்கிறது. அது ஏன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவன். வயரும் மீட்டரும் பழக்கம் என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. அனுமதி வாங்கிய படலத்தை விவசாயிகள் சங்கத்துச் செயலாளர்தான் எழுத வேண்டும். அவருடைய ஃபைலைத் தூக்கவே ஒரு ஆள் வேண்டும். எனக்குத் தேவைப்பட்டது அதில் மூன்றே விவரம். ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் திறன் (ஆன்டெனா ஒரு பக்கம் குவிப்பதையும் சேர்த்த கணக்கு) 100 வாட்டைத் தாண்டக் கூடாது. ஆன்டெனா தரையிலிருந்து 15 மீட்டருக்குக் குறையவும் கூடாது, 30 மீட்டரைத் தாண்டவும் கூடாது. மூன்றாவதுதான் முக்கியம்: விண்ணப்பத்தில் கோபுரம் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை எழுதிக் கொடுத்துவிட்டால், அனுமதி அந்தப் புள்ளிக்குத்தான். பிறகு "கொஞ்சம் மேலே தள்ளி நட்டுக்கலாம்" என்றால் முதலிலிருந்து வர வேண்டும்.

சமவெளியில் இது பெரிய விஷயமில்லை. படத்தில் காம்பஸ் வைத்துப் பத்துக் கிலோமீட்டருக்கு வட்டம் போட்டால் உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும். மலையில் அந்த வட்டத்துக்கு மதிப்பே கிடையாது. எஃப்.எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. நடுவே ஒரு முகடு குறுக்கே வந்தால் ஒரு கிலோமீட்டரில் இருக்கும் ஊருக்கும் கேட்காது. கொடைக்கானல் ஆகாசவாணி 100.5-இல் பல மாவட்டத்துக்குக் கேட்கிறதே என்பார்கள். அது மலை உச்சியில் 10 கிலோவாட். எங்களுடையது அதில் இருநூற்றில் ஒரு பங்கு.

சரி, இடத்தைச் சோதித்துப் பார்க்கலாமென்றால் லைசென்ஸ் வருவதற்கு முன் ஆன்டெனாவில் ஒரு வாட் விடுவதும் குற்றம். அப்போது சங்கத்துக் கூட்டத்தில் மிளகு பறிக்கிற ஒரு அண்ணன் சொன்னார்: "ரேடியோ விட முடியாட்டி லைட்டு விடுங்கப்பா. லைட்டு தெரிஞ்சா ரேடியோ கேக்கும்ல?"

கேட்கும். முழுக்க சரியில்லை என்றாலும் தொண்ணூறு சதம் சரி. அன்றைக்கே வேலையைத் தொடங்கினோம்.

50 வாட் எல்.இ.டி ஃபோகஸ் லைட் ஒன்று, என் கடையில் கிடந்த இன்வெர்ட்டர், பழைய கார் பேட்டரி. லைட்டை ஐந்து எண்ணும்வரை எரிந்து ஐந்து எண்ணும்வரை அணைகிற மாதிரி ஒரு டைமர் ரிலேயில் கொடுத்தேன்; இல்லாவிட்டால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எது தோட்டத்து லைட், எது நம் லைட் என்று தெரியாது. லைட்டை ஏற்றச் செலவே இல்லை. காப்பிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரம். ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி மிளகு பறிக்கிற ஆட்கள். கயிறு கட்டி 20 மீட்டர் உயரத்துக்கு இழுத்துவிட்டார்கள். தை, மாசியில் செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மலை முழுக்க மஞ்சு மூடிக்கிடக்கும், பத்தடி தூரமே தெரியாது.

பார்த்தது மூன்று இடம். முதலாவது சங்கக் கட்டடம்: ரோடு, கரண்ட், டீக்கடை எல்லாம் பக்கத்தில். இரண்டாவது மேலே ஒரு தோட்டத்து முகடு. மூன்றாவது இரண்டுக்கும் நடுவே, ரோடு திரும்புகிற ஒரு மலைத் தோளில் இருந்த பழைய காப்பிக் குடோன். ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் போனும் டார்ச்சுமாக நின்றார். லைட் தெரிகிறதா, பாதி தெரிகிறதா, வானத்தில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதா என்று மூன்றே பதில். அதைச் சுண்ணாம்புச் சுவரில் ஊர்வாரியாக எழுதிக்கொண்டே வந்தோம்.

சங்கக் கட்டடத்தில் கட்டிய லைட் பாதி ஊருக்கும் தெரியவில்லை. விண்ணப்பத்தில் எழுதவிருந்தது அந்த இடத்தைத்தான்! முகட்டில் கட்டியது ஏறக்குறைய எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் முகட்டுக்குக் கரண்டு கொண்டுபோக எத்தனை போஸ்ட், சாயங்காலம் ஆனால் காட்டுமாடு நிற்கிற பாதையில் பெண்கள் எப்படி வந்து நிகழ்ச்சி நடத்துவார்கள் என்று கணக்குப் பார்த்தபோது அது ரேடியோவாக இருக்காது, நாலு ஆம்பளைகள் கூடும் இடமாகத்தான் இருக்கும் என்று எங்கள் சுயஉதவிக் குழு அக்காக்கள் நேராகவே சொல்லிவிட்டார்கள். குடோன் இடத்திலிருந்து இரண்டு ஊருக்கு மட்டும் லைட் தெரியவில்லை. பஸ் வாசலிலேயே நிற்கும். குடோனை எடுத்தோம். அந்த இரண்டு ஊரையும் தெரிந்தேதான் விட்டோம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அறை வேலைக்கு வருகிறேன். குடோன் பன்னிரண்டுக்குப் பத்தடி, கல் சுவர், மேலே தகரம். கீழ்ப்பழனியில் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். தகரத்தில் அந்த மழை விழும்போது மைக்கில் பேசுகிறவர் குரல் அவருக்கே கேட்காது. முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம்: முட்டை அட்டையை வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டினோம். எதிரொலி கொஞ்சம் அடங்கியது. மழைச் சத்தம் துளியும் குறையவில்லை, குறையவும் செய்யாது. வெளியிலிருந்து வரும் சத்தத்தை நிறுத்தக் கனம் வேண்டும், முட்டை அட்டையில் கனம் எங்கே இருக்கிறது? ஈரத்தில் பூசணம் பூத்தது, எலி வந்தது, பிய்த்துப் போட்டோம். அடுத்து உள்ளே ஜிப்சம் சீலிங் போட ஆள் கூப்பிட்டு விலை கேட்டோம். 38,000 சொன்னார்.

பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து பாட்டுப் பதிவுக்கு வந்திருந்த ஒரு மூப்பர் மழை பெய்துகொண்டிருந்தபோது மேலே பார்த்துவிட்டு, "தகரத்து மேல போதைப்புல்லு மேஞ்சிருங்க சாமி, தண்ணி விழுற சத்தமே வராது" என்றார். விழுகிற இடத்திலேயே துளியை மெத்தென்று வாங்கிவிட்டால் தகரம் அதிராது, அவ்வளவுதான். அவரும் அவர் மகனும் ஒரு சாண் கனத்துக்கு மேய்ந்து கொடுத்தார்கள். புல், மூங்கில் வரிச்சு, கூலி எல்லாம் சேர்த்து 9,500. தகரத்துக்கும் புல்லுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி விடச் சொன்னார். இல்லாவிட்டால் தகரம் துருப்பிடிக்கும். இப்போது பெருமழையிலும் பதிவு நடக்கிறது. பின்னணியில் லேசான இரைச்சல் இருக்கும், அது மழை என்று கேட்பவருக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புல் மாற்ற வேண்டிவரும். தீக்குப் பயந்து, புல்லுக்கு எட்டுகிற உயரத்தில் எந்த வயரையும் நான் விடவில்லை.

உள்ளே சுவருக்குத் தென்னை நார் மெத்தைக் கடையில் ஓரம் வெட்டிப் போட்ட துண்டுகள், மேலே கம்பளி. இரண்டு டைனமிக் மைக். கன்டென்சர் மைக் அழகாகப் பதியும் என்பார்கள். இந்த மாதிரி அறையில் அது பக்கத்துத் தோட்டத்து நாயையும் அழகாகப் பதியும்.

கோபுரம் 24 மீட்டர், முக்கோண ஜி.ஐ. சட்டம், மூன்று பக்கம் இரண்டு அடுக்கில் இழுவைக் கம்பி. நாலடி ஆழத்தில் கான்கிரீட். வெல்டிங் அண்ணன் திண்டுக்கல்லில் செய்து பிக்கப்பில் மூன்று மீட்டர் துண்டுகளாக ஏற்றி வந்தார். இதில் சொல்ல ஒன்றுமில்லை. கொண்டை ஊசி வளைவில் ஆறு மீட்டர்த் துண்டு திரும்பாது என்பதைத் தவிர.

கேபிளில்தான் காசு மிச்சம் பிடிக்கப் பார்த்தார்கள். கோபுரத்து உச்சிக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவே 35 மீட்டர். சாதாரணக் கறுப்பு ஆர்.ஜி. 213 கேபிள் போட்டால் 50 வாட்டில் மேலே போய்ச் சேருவது 29 வாட் சொச்சம். அரை அங்குலச் செப்புக் குழாய் மாதிரியான ஃபோம் கேபிள் போட்டால் 41 வாட்டுக்கு மேல். விலை வித்தியாசம் ஐந்தாயிரத்துக்குள். டிரான்ஸ்மிட்டருக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு அதில் 12 வாட்டைக் கேபிளைச் சூடாக்க விடுவதா என்று சண்டை போட்டு நல்ல கேபிளே வாங்க வைத்தேன். மேலே இரண்டு அடுக்கு டைபோல், அதாவது நடுவில் பிரிந்த கம்பி ஆன்டெனா. நம் அலைநீளம் 3.32 மீட்டர், அதனால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1.6 மீட்டர் நீளம். இரண்டு அடுக்கும் சேர்ந்து திறனைத் தட்டையாக ஊர்ப்பக்கம் குவிப்பதால் அந்தப் பக்கத்துக்குக் கணக்கிடும் திறன் 80 வாட்டை ஒட்டி வரும், 100-க்குள் அடங்கும். ஆன்டெனாவைக் கோபுரத்தின் எந்தக் காலில் பிடிக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். இரும்புச் சட்டத்துக்குப் பின்பக்கம் அலை குறையும். அதிக ஊர் இருக்கும் பக்கத்துக் காலில் பிடித்தோம். பின்பக்கம் இருப்பது வெறும் பாறையும் சோலையும்.

முதலில் டம்மி லோடில் ஓட்டினேன். 50 ஓம் எதிர்ப்பு ஒன்றை ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டினால், அலை வெளியே போகாமல் சூடாகிவிடும். அதிலேயே ஹம், அதாவது ஓயாத 'ஊம்' சத்தம், வந்தது. மைக் ஒலிகளைக் கலக்கும் மிக்சருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் தனித்தனி எர்த், இரண்டுக்கும் நடுவே வேண்டாத ஒரு மின்சுற்று. 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை நடுவில் போட்டேன், நின்றது. கடையில் வாங்கினால் நல்லதாக 1,800 ஆகும். நானே சுற்றினேன், அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

லைசென்ஸ் கைக்கு வந்து ஆன்டெனாவில் மாட்டியதும், அனுப்பிய திறன் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர் 1.3 காட்டியது. போட்டதில் இரண்டு சதம்கூடத் திரும்பி வரவில்லை என்று அர்த்தம். சந்தோஷப்பட்டோம். சாயங்காலம் மஞ்சு இறங்கியதும் 1.8. எட்டு மணிக்கு 2.4. ஆறில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் திறனைத் தானே பாதியாகக் குறைத்துக்கொண்டது. மறுநாள் பதினொரு மணிக்கு வெயில் வந்ததும் பழையபடி 1.3.

ஈரம் என்பது தெரிந்துவிட்டது. எங்கே என்பதுதான் கேள்வி. ஆன்டெனா விற்றவர்கள் ஆன்டெனாவில் கோளாறே இருக்காது, கேபிளை மாற்றுங்கள் என்று போனில் சொன்னார்கள். மாற்றியிருந்தால் பத்தாயிரம் போயிருக்கும். நான் செய்தது இவ்வளவு: மஞ்சு இறங்கும் நேரத்தில் கீழே டம்மி லோடை மாட்டிப் பார்த்தேன், சரி. டிரான்ஸ்மிட்டர் நிரபராதி. அடுத்து அதே டம்மி லோடைக் கோபுரத்து உச்சிக்குக் கொண்டுபோய், கேபிள் முடிகிற இடத்தில் ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டச் சொன்னேன். ஏறிய தம்பி குளிரில் என்னைத் திட்டியது கீழேவரை கேட்டது. மீட்டர் ஆடவில்லை. அப்படியென்றால் கேபிளும் நிரபராதி. மிச்சம் இருப்பது இரண்டு டைபோலுக்கும் திறனைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியும் அதன் கனெக்டர்களும். கழற்றினால் ஒரு கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு.

காரணம் டேப். மேலிருந்து கீழாகச் சுற்றியிருந்தார்கள். அப்படிச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றின் விளிம்பும் மேலே பார்த்து நிற்கும், வழிகிற தண்ணீரை உள்ளே வாங்கும். ஓடு வேய்கிற மாதிரி கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். கனெக்டரை மாற்றி, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் வெயிலுக்குத் தாங்கும் பி.வி.சி. டேப் ஒரு சுற்று. கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன் ஒரு முழம் கீழே தொங்கவிட்டு மேலே திருப்பினோம்; வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். செலவு 640 ரூபாய். அதற்குப் பிறகு மஞ்சிலும் மீட்டர் 1.4-க்கு மேல் போனதில்லை.

எர்த் இன்னொரு தலைவலி. எட்டடிக் குழி வெட்டி ஜி.ஐ. பைப்பு இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடுவதுதான் வழக்கம். வெட்டிய இடத்தில் மூன்றடியில் பாறை. அந்த அரைகுறைக் குழியில் மீட்டர் வைத்தால் 22 ஓம். இடி விழுந்தால் அது மண்ணுக்குப் போகாது, எங்கள் மிக்சருக்குத்தான் வரும். ஆழம் கிடைக்காத இடத்தில் நீளம் போக வேண்டும். காப்பிச் செடி வரிசைகளுக்கு நடுவே இரண்டடி ஆழத்தில், மூன்று திசையில், திசைக்கு 30 மீட்டர் ஜி.ஐ. பட்டையைப் புதைத்துக் கோபுரக் காலில் சேர்த்தோம். 4.5 ஓம் வந்தது. பங்குனி வெயிலில் மண் காய்ந்திருக்கும்போது அளந்ததுதான் கணக்கு. மழைக்காலத்தில் அளந்து திருப்திப்பட்டால் ஏமாந்துபோவோம். கேபிள் உள்ளே வரும் இடத்தில் இடி மின்சாரத்தை மண்ணுக்குத் திருப்பும் ஒரு அரெஸ்டரும் இருக்கிறது. இருந்தாலும் ஐப்பசியில் இடி கேட்டால் கேபிளைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இப்போது அந்தச் சுண்ணாம்புச் சுவர்க் கணக்கு. ஒலிபரப்பு தொடங்கியதும் லைட் பார்த்த அதே ஆட்களை அதே இடத்தில் ரேடியோவோடு நிற்க வைத்தோம். லைட் முழுதாகத் தெரிந்த ஊரில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் சுத்தமாகக் கேட்டது. அந்த ஒரு ஊருக்கு எதிரே செங்குத்தான பாறை. நேராக வரும் அலையும் பாறையில் பட்டுத் திரும்பும் அலையும் முட்டிக்கொண்டு குரல் பிளந்து கேட்டது. ரேடியோவை நாலடி நகர்த்தி வைத்தால் சரியாகிறது. ஊர்க்காரர்களே கண்டுபிடித்து எங்களுக்குச் சொன்னார்கள். லைட் பாதி தெரிந்த, முகட்டை ஒட்டிய ஊர்களில் இரைச்சலோடு கேட்டது. அலை முகட்டு விளிம்பில் கொஞ்சம் வளைந்து இறங்கும், ஒளியைவிடக் கூடுதலாகவே வளையும்.

அந்த இரைச்சலுக்கு ஒரு பைசா செலவில்லாத மருந்து இருந்தது: டிரான்ஸ்மிட்டரில் ஸ்டீரியோவை அணைத்தேன். ஸ்டீரியோவாக அனுப்பினால் பலவீனமான இடத்தில் இரைச்சல் பல மடங்கு கூடும். எங்கள் நிகழ்ச்சியில் பாதிக்கு மேல் பேச்சு. பளியர் பாட்டை இரண்டு காதிலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்று யாரும் அழவில்லை. மோனோவாக்கிய அன்று சாயங்காலமே, "என்ன செஞ்சீங்க, திடீர்னு பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு?" என்று போன் வந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

கேட்பதற்குக் கருவி இருக்கிறதா என்பது தனிக் கதை. புது ஆண்ட்ராய்டு போன்களில் பலவற்றில் எஃப்.எம் கிடையாது, பட்டன் போனில் இருந்தாலும் பலவற்றில் இயர்போன் வயர்தான் ஆன்டெனா, அது இல்லாமல் திறக்காது. எங்களைக் காப்பாற்றியது ஜீப்பும் பிக்கப்பும்தான். காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டிகள் எல்லாவற்றிலும் ரேடியோ இருக்கிறது. அதனால் காலை நேரத்தை ஏழு மணி முதல் ஒன்பதுவரை என்று வைத்தோம். மின்தடை நேரம், பஸ் வராத விவரம், யானை இறங்கியிருக்கும் பக்கம், மழை எச்சரிக்கை முதலில். இதெல்லாம் செய்தி ஆகாது, சொல்லலாம். செய்தி என்றால் ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்துப் போட மட்டும்தான் அனுமதி. ஒலிபரப்பியதை மூன்று மாதம் பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும். அதற்கு ஒரு ஹார்டு டிஸ்க் தனியாக வாங்கினோம்.

தொண்டர்கள் விஷயத்தில் ஒன்றே ஒன்று. மார்கழி தொடங்கி மாசிவரை காப்பிப் பழம் பறிப்பு. ஒருத்தரும் மைக் பக்கம் வரமாட்டார்கள். தினக்கூலியை விட்டுவிட்டு வரச் சொல்லவும் கூடாது. அதனால் கையடக்க ரெக்கார்டர் இரண்டு வாங்கி ஊர் ஊராகச் சுற்ற விட்டோம். பறிப்பு நடுவிலேயே, இடுப்பில் பையோடு பேசிப் பதிந்து அனுப்புகிறார்கள். ஆடாசிட்டி என்கிற ஒலி மென்பொருளில் வெட்டி ஒட்ட ப்ளஸ் டூ படிக்கும் இரண்டு பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். அறையில் பதிந்ததைவிட இதைத்தான் ஆட்கள் விரும்பிக் கேட்கிறார்கள். புல் மேய்ந்த காசு வீணா என்று செயலாளர் கேட்கிறார். இல்லை, மழைக்காலம் வரட்டும்.

செலவு: டிரான்ஸ்மிட்டர், ஆன்டெனா, கேபிள் சேர்த்து மொத்தத்தில் பாதி. கோபுரமும் அடித்தளமும் கால் பங்கு. மிச்சத்தில் மிக்சர், மைக், பழைய கம்ப்யூட்டர், 150 ஏ.எச். பேட்டரியோடு சைன் வேவ் இன்வெர்ட்டர். கரண்டு போனால் நாலு மணி நேரம் தாங்கும். டிரான்ஸ்மிட்டர், மிக்சர், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்தே 250 வாட்தான் இழுக்கின்றன. வோல்ட்டேஜ் 160-க்கு இறங்கும் ஊர் என்பதால் ஸ்டெபிலைசர் இல்லாமல் ஒன்றையும் மாட்டாதீர்கள். 2024 விதிப்படி மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம். 12 நிமிடத்தை நிரப்ப எங்கள் பக்கம் அத்தனை கடை கிடையாது. உரக்கடை, துணிக்கடை, ஒரு பேக்கரி. கரண்டு பில்லுக்குச் சரியாகப் போகிறது.

மறுபடி செய்தால் லைட்டை ஒரே உயரத்தில் கட்டிப் பார்க்கமாட்டேன். 15, 20, 30 மீட்டர் என்று மூன்று உயரத்திலும் ஏற்றிப் பார்ப்பேன். கோபுரத்தை 24-க்குப் பதில் 28 வைத்திருந்தால் விட்டுப்போன இரண்டு ஊரில் ஒன்றுக்காவது பாதி கேட்டிருக்குமா என்பது அப்போதே தெரிந்திருக்கும். இப்போது அந்த இரண்டு ஊருக்கும் போகும் மினி பஸ் டிரைவரிடம் தினமும் காலையில் ஒரு பென் டிரைவ் போகிறது. முதல் நாள் நிகழ்ச்சி மறுநாள் பஸ்ஸில் ஓடுகிறது. யானைத் தகவலுக்கு இது உதவாது. அதற்கு ஊர் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு அனுப்புகிறோம், டவர் கிடைத்தால் போய்ச் சேரும். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடக் கூரையில் ஒலிபெருக்கி வைக்கலாமா என்று பேச்சு நடக்கிறது. அதற்கு முன்னால் ஐப்பசிக்குள் இழுவைக் கம்பிகளை இறுக்கி, கோபுரத்து உச்சி டேப்பை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஏறுகிற தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.